எல்லப்பிரகட சுப்பாராவ்: மருந்துகளின் பின்னே மறைந்தவர்

மருந்தை உண்பார் மருந்தின் பெயரைக் கேட்டறிவர். அதனை ஆக்கினார் பெயரைக் கேட்பார் மிகச் சிலர். கர்ப்பவதிகளுக்குக் கொடுக்கப்படும் போலிக் அமிலக் குளிசை, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கும் மூட்டுவாதத்தால் வருந்துவோருக்கும் கொடுக்கப்படும் மெதோதிரெக்சேற்று, யானைக்கால் நோய்க் கிருமியை இரத்தத்தினின்றும் அகற்றும் மருந்து, ரெற்றாசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்கொல்லிக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகிய ஓரியோமைசின் ஆகிய நான்கும் ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுக் காலத்துள் ஒரே ஆராய்ச்சிசாலையைச் சார்ந்து தோன்றியவை. அக்காலத்தில் அவ்வாராய்ச்சிசாலையை நெறிப்படுத்திய தலைவர் ஓர் ஆந்திரர். சென்னை மாநகரிலே படித்தவர். அங்கே உயர்ந்த வைத்தியப் பட்டம் மறுக்கப்பட்டவர். எல்லப்பிரகட சுப்பாராவ் என்பது அவர் பெயர்.

அக்காலச் சென்னை மாகாணத்துப் பீமவரம் என்னும் ஊரில் 1895 சனவரி 12இல் அவர் பிறந்தார். தந்தையார் ஜகன்னாதம், தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் பலர், பொருள் சிறிது. பதின்மூன்றாம் வயதில், வீட்டு வறுமையைத் தாமே தீர்த்துவிடலாம் என்று எண்ணிய சிறுவர், காசிக்குச் சென்று யாத்திரிகருக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டத் துணிந்து வீட்டைவிட்டு ஓடினார். தாயார் விடவில்லை. தேடிப் பிடித்து மீட்டுக் கொணர்ந்து பள்ளியில் இருத்தினார். இராஜமகேந்திரவரத்திலும் பின்னர்ச் சென்னை இந்து உயர்தரப் பாடசாலையிலும் கற்ற அவர் மெற்றிக்குலேசன் பரீட்சையில் இருமுறை தவறினார், மூன்றாமுறையே தேறினார். இவ்வரலாற்றை மாணாக்கருக்கு எடுத்துரைக்கும் ஆசிரியர்கள் இந்த இடத்தை விட்டுவிட்டுச் சொல்லலாகாது என்பது நம் கருத்து. பரீட்சைப் பெறுபேற்றுத் தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு ஹாவார்ட் சர்வகலாசாலை தூரத்திலே தெரிவதில்லை. சுப்பாராவுக்கும் அன்று தெரிந்திராது.

சென்னை மாநிலக் கல்லூரியிற் படிக்குங்காலத்தே அவர் மனம் துறவை நாடிற்று. இராமகிருஷ்ண சங்கத்திற் சேர விரும்பினார். தாயாரின் சம்மதமின்றிச் சேர்த்துக்கொள்ள இயலாது என்று சங்கத்தார் கூறினர், தாயாரோ சம்மதிக்கவில்லை. வைத்தியம் கற்றால் அவ்வழியால் மக்களுக்குத் தொண்டு செய்யலாம் என்ற அறிவுரை கிடைத்தது. இவ்வாறே அவர் சென்னை வைத்தியக் கல்லூரியை அடைந்தார். தாம் வேண்டிய கதவு அடைபட, வேண்டாத கதவு திறப்பது அவர் வாழ்விற் பலமுறை நிகழ்ந்தது. படிப்புச் செலவுக்கு நண்பர் உதவினர். கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பாரும் உதவினர். அவர் மகள் சேஷகிரியை 1919இல் சுப்பாராவ் மணந்தார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்குமாறு நாட்டாரை அழைத்த காலம். சுப்பாராவ் சத்திரவைத்திய அறையிலும் கதர் ஆடையையே உடுத்தார். சத்திரவைத்தியப் பேராசிரியராயிருந்த பிராட்பீல்ட் என்னும் ஆங்கிலேயருக்கு அஃது உவப்பாயிருக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் மாணவர் நன்கு செய்திருந்தும் முழுப் பட்டமாகிய எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கையில் வந்தது. ஒரு முழ நூற்றுணி ஒருவருடைய தொழில் வாழ்வையே திசை திருப்பிவிட்டது. அரசாங்க வைத்திய சேவையிற் சேர முயன்றார்; இடம் கிட்டவில்லை. ஈற்றிற் சென்னையில் ஆசந்த லக்ஷ்மீபதி அவர்கள் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று ஆசிரியரானார்.

ஆயுர்வேதத்தின்பால் அவருக்கு இருந்த மதிப்பு வெறும் நாட்டுப்பற்றால் வந்ததன்று. வெப்ப நாடுகளில் மக்களை வாட்டும் ஒருவகைக் கழிச்சல் நோயுண்டு. ஸ்புரூ என்று மேனாட்டார் வழங்குவர். நம் வைத்தியர் கிரகணி என்னும் பெயரின்கீழ் அடக்குவர். உண்ட உணவின் சாரம் குடலால் ஏற்கப்படாது கழிய, உடல் மெலிந்து, இரத்தம் குன்றி, நா புண்ணாகி, நோயாளி படிப்படியாக அழிவான். இந்நோயாற் சுப்பாராவ் தம் உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளிக்குள் இழந்தார். அவரையும் அது பற்றியது. லக்ஷ்மீபதி அவர்களின் ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்தார் என்பர். ஆங்கில வைத்தியம் கற்ற ஒருவர் தம் உடன்பிறந்தாரைக் காக்க அது பயன்படாமை கண்டு, தாம் நாட்டு வைத்தியத்தாற் பிழைத்து எழுவாராயின் அவர் உள்ளத்தில் எத்தகைய வினாக்கள் எழும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மருந்து ஏன் வேலை செய்கிறது என்ற வினாவே அவரைக் கடல் கடக்கச் செய்தது. சென்னைக்கு வந்திருந்த அமெரிக்க வைத்தியர் ஒருவர் தூண்டுதலளித்தார். காக்கிநாடாவிலிருந்த சத்தியலிங்க நாயக்கர் தருமத்தின் உதவியும் மாமனாரின் பொருளும் துணைநின்றன. 1920களின் முற்பகுதியில் அவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரை அடைந்தார். கருவுற்றிருந்த மனைவி சென்னையில் நின்றார். பின்னர்ப் பிறந்த ஆண்குழவி ஓராண்டு நிறையுமுன் இறந்தது. தந்தை அக்குழந்தையின் முகத்தைக் கண்டதில்லை. மனைவியையும் மறுபடி கண்டதில்லை.

ஹாவார்ட் சர்வகலாசாலையின் வெப்பவலய வைத்தியப் பகுதியில் அவர் சேர்ந்தார். எல்.எம்.எஸ். சான்றிதழைக் கொண்டு அங்கே வைத்தியராகத் தொழில் பார்க்க வழியில்லை. உதவிச் சம்பளமும் இல்லை. பீற்றர் பென்ற் பிரிகாம் வைத்தியசாலையில் இரவு வேலையாளாய் அமர்ந்து நோயாளரின் மலசலச் சட்டிகளைச் சுத்தஞ் செய்து பிழைத்தார். பகலில் படிப்பு, இரவில் இப்பணி. வெப்பவலய வைத்தியத்தில் டிப்ளோமாப் பெற்றபின் அதே சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரியில் உயிரிரசாயனப் பகுதிக்கு வந்தார். ஒற்றோ போலின் என்னும் புகழ்பெற்ற பேராசிரியர் அப்பகுதியின் தலைவர். சைரஸ் பிஸ்க் என்பாருடன் இணைந்து ஆராயுமாறு சுப்பாராவ் பணிக்கப்பட்டார்.

இங்கே அவர் முதலிற் செய்த செயல் ஓர் அளவுகோல் அமைத்தமை. இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசின் அளவை அறிவது அக்காலத்திற் பெருந்தொல்லையான காரியம். பிஸ்கும் சுப்பாராவும் 1925இல் வெளியிட்ட முறை எளிது. ஆராயப்படும் திரவத்தோடு மொலிப்தேற்று என்னும் உப்பைச் சேர்த்தால் அது பொசுபேற்றுடன் கூடும். பின் ஒரு தாழ்த்தும் பொருளைச் சேர்க்க நீலநிறம் தோன்றும். பொசுபரசு மிகுந்தால் நீலமும் மிகும். நிறத்தை ஒப்புநோக்கி அளவைச் சொல்லிவிடலாம். இம்முறை உலகெங்குமுள்ள ஆராய்ச்சிசாலைகளிற் பல்லாண்டு வழங்கிற்று. உயிரிரசாயனம் கற்கும் மாணவர் பிஸ்க்–சுப்பாராவ் முறை என்று இன்றும் படிக்கின்றனர்; படிப்பவருட் பலர் அப்பெயருக்குரியார் ஒருவர் கோதாவரிக் கரைக்காரர் என்று அறியார்.

அளவுகோல் கைக்கு வந்தபின் அதைக் கொண்டு தசையை அளந்தனர். அங்கே ஒரு புதுமை காத்திருந்தது. ஓய்ந்திருக்கும் தசையிற் பொசுபேற்றின் ஒரு பகுதி கிரியேற்றின் என்னும் பொருளோடு பிணைந்து நின்றது. தசை உழைக்கும்போது அப்பிணைப்பு நெகிழ்ந்தது. ஓய்வெடுக்க மீண்டும் பிணைந்தது. பொசுபோகிரியேற்றின் எனப்படும் இப்பொருளை 1927இல் அவர்கள் கண்டனர். இங்கிலாந்தில் எகிள்ற்றன் தம்பதியரும் அவ்வாண்டிலேயே தனித்து இதன் தடயத்தைக் கண்டிருந்தனர். 1929இல் மற்றொன்று வெளிப்பட்டது: அடினோசின் முப்பொசுபேற்று. செர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் அதே ஆண்டில் இதனைத் தனியே கண்டறிந்தார். மூன்று பொசுபேற்றுக் கூறுகள் ஒரு தொடராய் நிற்கும் இச்சேர்வையில் இறுதிக் கூறு நீரோடு கூடிப் பிரியும்போது வெளிப்படும் ஆற்றலே தசை சுருங்குவதற்கும் கலங்களின் எண்ணிறந்த வேலைகளுக்கும் முதலாகின்றது. நொதியங்கள் இதனைச் செலவிடுகின்றன. நொதியங்களே உணவை எரித்து இதனை மீண்டும் ஆக்குகின்றன. நாம் இவ்வரியை வாசிக்கையில் நம் கண்ணின் தசை அசைவதும் இதனாலேயே.

இதன் அருமையை உணர்வதற்கு அன்றைய கொள்கையை அறிதல் வேண்டும். தசையின் ஆற்றல் இலற்றிக் அமிலம் தோன்றுவதனால் வருகின்றது என்பது அக்கால விஞ்ஞானிகளின் துணிபு. தசை பற்றிய ஆராய்ச்சிக்காகவே ஹில், மையர்ஹோப் என்னும் இருவர் 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றிருந்தனர். இலற்றிக் அமிலம் தோன்றாதவாறு நஞ்சூட்டப்பட்ட தசையும் சுருங்குகிறது என்று 1930இல் டென்மார்க்கு நாட்டு லுண்ட்ஸ்கார்ட் காட்டியபோது, அது எதனாற் சுருங்குகிறது என்ற வினாவுக்கு விடை முன்னரே பொஸ்டனில் அளந்து வைக்கப்பட்டிருந்தது.

1930இல் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. நிலையான ஆசிரியப் பதவியோ கிடைக்கவில்லை. பிஸ்கின் பதவி நிலைபெறுவதற்குத் துணையாகச் சுப்பாராவ் தம் பங்கைக் குறைத்துக் கூறினார் என்றும் சொல்வர். அவர் அங்கே பிரித்தெடுத்த சில சேர்வைகள் வெளியிடப்படாது கிடந்தமையாற் பின்னர்ப் பிறர் அவற்றைப் புதிதாகக் காணவேண்டியதாயிற்று என்று, அக்காலத்தில் உடன் ஆராய்ந்தவரும் 1988இல் நோபல் பரிசு பெற்றவருமாகிய ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். இதில் யார்மீது எவ்வளவு குற்றம் என்று தீர்ப்பது நம் வேலையன்று. ஆயினும் பெயர் பெறவேண்டிய பொழுது பேசாதிருத்தலும் ஒரு குறையே என்று நமக்குத் தோன்றுகின்றது. அதனால் இழந்தவர் அவர் ஒருவரே அல்லர், அப்பொருள்களுக்காகக் காத்திருந்த ஆராய்ச்சியும் இழந்தது.

1940இல் அவர் ஹாவார்ட்டை விட்டு, நியூயோர்க் மாநிலத்தின் பேர்ள் றிவர் என்னும் ஊரிலிருந்த இலெடர்லி ஆராய்ச்சிசாலைக்குச் சென்றார். அது மருந்து செய்து விற்கும் ஒரு கம்பனி. சில ஆண்டுகளில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். கலாசாலையில் தமக்குக் கிடையாத உரிமையை அவர் அங்கே பெற்றார்: இரசாயனர், நுண்ணுயிரியலார், வைத்தியர் ஆகியோரை ஒரே வினாவைச் சுற்றி இருத்தும் உரிமை.

முதல் வினா ஈரலைப் பற்றியது. இரத்தம் குன்றும் கொடிய நோயொன்றிற்கு ஈரலை உணவாகக் கொடுத்தாற் குணமுண்டாகும் என்று 1926இல் மைனட், மேர்பி என்னும் அமெரிக்க வைத்தியர் காட்டினர். சுப்பாராவ் ஹாவார்ட்டில் இருந்தபோதே ஈரற் சாரத்தில் உள்ள பொருள்களைப் பிரித்தெடுக்க முயன்றவர். இதற்கிடையில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி பம்பாயில், ஆலைத்தொழில் செய்யும் ஏழைக் கர்ப்பவதிகளுக்கு உண்டாகும் இரத்தச் சோகையை மதுவச் சாரம் தீர்ப்பதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். மதுவத்திலும் ஈரலிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அது யாது என்று எவருக்கும் தெரியாது. 1941இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் பசளிபோன்ற ஸ்பினாச் கீரையிலிருந்து அத்தகைய ஒன்றைச் செறிவித்துப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் சொல்லினின்றும் பிறந்தது அப்பெயர். நம் ‘போலி’க்கும் அதற்கும் உறவில்லை.

இலெடர்லியில் ஸ்ரொக்ஸ்ராட், ஹச்சிங்ஸ் முதலானோர் பாலைப் புளிப்பிக்கும் ஒருவகைப் பற்றீரியாவையே தராசாகக் கொண்டனர். அந்தப் பற்றீரியா இப்பொருளின்றி வளராது. ஆகவே ஒவ்வொரு பிரிவையும் அதற்கு ஊட்டி, எதனில் அது செழிக்கிறதோ அதனைத் தொடர்ந்து சென்றனர். ஈரலினின்றும் தூய பளிங்கு 1943இல் கிடைத்தது. 1945இல் அதனைச் செயற்கையாகவே ஆக்கிவிட்டனர். அதன் அமைப்பை விளக்கி 1946இல் வெளியான உரையிற் பதினாறு பேருடைய பெயர்கள் உள்ளன. தலைவர் பெயர் முதலிலும் இல்லை, ஈற்றிலும் இல்லை. ஏழாவதாக நிற்கிறது.

இம்மருந்து ஸ்புரூ நோயாளருக்குக் கொடுக்கப்பட்டபோது அவர்கள் தேறினர். நாப்புண் ஆறிற்று, இரத்தம் ஊறிற்று. இரு சகோதரரைக் கொண்டுபோன நோய்க்கு மூன்றாம் சகோதரர் மருந்து கண்டபொழுது கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. கருவுறுமுன்னும் கருவுற்ற தொடக்கத்திலும் இதனை உட்கொண்டாற் குழந்தையின் முண்ணாண் குறைபாடுகளிற் பெரும்பகுதி தடுக்கப்படும் என்பது 1991இல் உறுதிப்பட்டது. அதனை அவர் அறிய வாய்ப்பில்லை.

இனி வருவதே அவர் பணியுள் வியப்பானது. பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையிற் சிட்னி பாபர் என்னும் நோய்க்குறியியலார், இரத்தப் புற்றுநோயால் இறக்குங் குழந்தைகளை நாடோறும் கண்டு வருந்தியவர். அந்நோய்க்கு அன்று மருந்தில்லை. குழந்தை சில கிழமைகளிலோ மாதங்களிலோ இறக்கும். போலிக் அமிலக் குடும்பத்துச் சேர்வைகளைச் சுப்பாராவின் குழுவினரிடம் பெற்று அவர் கொடுத்துப் பார்த்தபோது நோய் தணியாது விரைந்ததுபோற் காணப்பட்டது. இந்தத் தோல்வியே வழிகாட்டியது. ஊட்டினால் நோய்க் கலங்கள் செழிக்குமாயின், ஊட்டத்தை மறித்தால் அவை வாடுமன்றோ? அதற்கேற்பப் போலிக் அமிலத்தைப் போன்றே தோற்றமும் ஓரிடத்திற் சிறு வேறுபாடும் உடைய எதிர்ப்பொருள்களை இலெடர்லியினர் ஆக்கினர். அவற்றுள் ஒன்று அமினொப்தரின். அதன் தங்கையே மெதோதிரெக்சேற்று.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைத் தமிழ் மாணாக்கருக்கு விளக்குவது எளிது. இலக்கணத்திற் போலி என்பது ஓரெழுத்து நிற்கவேண்டிய இடத்தில் வேறோரெழுத்து வந்து நின்றும் பொருள் மாறாமை: அறம் அறன் என நிற்பதும், மஞ்சு மைஞ்சு என நிற்பதும் போல. இங்கே வருவது பொருளைக் கெடுக்கும் போலி. கலத்தினுள் ஒரு நொதியம் போலிக் அமிலத்தைப் பயன்படும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. அவ்வடிவமின்றிப் புதுக் கலத்துக்கு வேண்டிய மரபுப்பொருளை ஆக்க இயலாது. இப்போலி வந்து அந்நொதியத்தின் இருக்கையில் மெய்ப்பொருளைவிட இறுக அமர்ந்துகொள்கிறது. நொதியம் செயலற்று நிற்கும். விரைந்து பிரியும் கலங்களே முதலிற் பட்டினியாகும்; புற்றுநோய்க் கலங்கள் பலவும் விரைந்து பிரிவன. வாயின் உட்தோலும் குடலின் உட்தோலும் குருத்துமச்சையும் அவ்வாறே பிரிவனவாதலின் மருந்தின் கொடுமை அங்கும் தெரியும். நொதியத்தின் செய்தி 1950களின் பிற்பகுதியிலேதான் தெளிவாயிற்று. மருந்து முந்தியது, விளக்கம் பிந்தியது.

1948 யூன் மாதத்திற் பாபர் தம் முடிவை வெளியிட்டார். அமினொப்தரின் பெற்ற பதினாறு குழந்தைகளுட் பத்துக் குழந்தைகளுக்கு நோய் தணிந்தது. தணிவு நிலைக்கவில்லை, நோய் திரும்பிற்று. ஆயினும் இந்நோய் மருந்துக்கு அசையும் என்பது அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது. செல்வ நாடுகளில் இந்நோயின் பெருவகையுற்ற குழந்தைகளுட் பத்தில் ஒன்பதினருகே இன்று பிழைக்கின்றன. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் அந்தச் சிகிச்சையில் மெதோதிரெக்சேற்று இன்னும் இடம் வகிக்கின்றது. பாபரின் அவ்வுரைக்கு ஆசிரியர் ஐவர். சுப்பாராவ் அவருள் ஒருவரல்லர்.

யானைக்கால் மருந்தைப் பற்றி நாம் இலங்கையில் இருந்துகொண்டு சுருங்கச் சொல்லிப் போதல் தகாது. இரண்டாம் உலகப் போரிற் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கப் படையினரை இந்நோய் பற்றியதனால் மருந்து தேடும் முயற்சி விரைந்தது. அதற்குமுன் பாடாணம், அஞ்சனக்கல் ஆகியவற்றின் சேர்வைகளைக் கொடுத்துப் பார்த்தனர். அவை நோயாளியையும் வருத்துவன. இலெடர்லியில் ஹியூவிற் முதலானோர் பருத்தி எலிகளிற் புழுவை வளர்த்து, சேர்வைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தனர். 1947இல் வெளியான டையெதில்கார்பமசின், இரத்தத்திற் திரியும் நுண்புழுக்களை வாயால் உண்ணும் குளிசையாலேயே அகற்றிற்று. ஹெற்றசான் என்பது அதன் வணிகப் பெயர். நம் நாட்டின் மேல், தென், வடமேல் மாகாணங்களில் இந்நோய் வேரூன்றியிருந்தது. 2002 முதல் 2006 வரை ஆண்டுதோறும் அப்பகுதி மக்களனைவர்க்கும் இக்குளிசை, அல்பெண்டசோலுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம், யானைக்கால் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று சான்றளித்தது.

ஓரியோமைசினைக் கண்டவர் பெஞ்சமின் டகர் என்னும் முதிய தாவரவியலார். கலாசாலையில் ஓய்வுபெறும் வயது கடந்த அவருக்கு இலெடர்லி இடமளித்தது. மிசூரி நாட்டு வயல் மண்ணிலிருந்து பெற்ற பொன்னிற நுண்ணுயிர் ஒன்றினின்றும் அவர் எடுத்த அம்மருந்து, பெனிசிலினுக்கும் ஸ்ரெப்ரோமைசினுக்கும் அடங்காத சில நோய்களையும் அடக்கிற்று. 1948 யூலையில் நியூயோர்க் விஞ்ஞானக் கழகத்தில் அது அறிவிக்கப்பட்டது.

அடுத்த மாதம் 8ஆம் நாள் சுப்பாராவ் உறக்கத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. இந்தியர் அமெரிக்கக் குடிகளாகலாம் என்ற சட்டம் 1946இல் வந்திருந்தும் அவர் குடியுரிமை பெறாமலே மறைந்தார். பிறந்த நாட்டுக்கும் திரும்பவில்லை. கணவர் வருவார் என்றிருந்த சேஷகிரி அம்மையார் அவருக்குப்பின் பல்லாண்டு வாழ்ந்தார்.

நூற்றாண்டு விழாவையொட்டி 1995இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த முத்திரை வெளியிட்டது. அதற்கு நாற்பதாண்டுகளுக்குமுன், 1953இல், இலெடர்லியைச் சேர்ந்த ஹெசெல்ரைன் என்பார் தாம் புதிதாகக் கண்ட ஒரு பூஞ்சணத்துக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரை இட்டார். அது நகரக் கழிவுநீரைச் சுத்தஞ்செய்யும் வடிகற்படுக்கையிற் படிந்திருந்த வழும்பிலிருந்து எடுக்கப்பட்டது.